எட்டு நிமிடம் பேச இருபத்தொரு நாள்: பள்ளிப் பிள்ளைகளைப் பிரசன்டேஷனுக்குத் தயார் செய்யும் வழி

சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை மாவட்ட அளவிலான ஓர் அறிவியல் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனேன். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். தலைப்பு, ஊர்ப் போர் (ஆழ்குழாய்க் கிணறு) தண்ணீரில் இருக்கும் புளோரைடு. தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புளோரைடு அதிகமானால் பல்லில் கறை படியும்; வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் சிலர் பல்லிலேயே தெரிந்துவிடும்.

ஒரு மாதம் வெயிலில் அலைந்து வேலை செய்திருந்தார்கள். மேடை ஏறினார்கள். திரையில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்து நின்றது. ஸ்லைடைப் பார்த்து வாசித்தே பழகியிருந்த பெண்ணுக்கு வாய் வரவில்லை. கூட வந்த பையன் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்து மூன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டான். கொடுத்திருந்தது எட்டு நிமிடம். நடுவர் ஒருவர், நல்ல மனிதர், "தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா புளோரைடு போயிடுமாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளைகள் மேல் தவறில்லை. நான்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தேன். முதல் நாளே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பி.பி.டி. (பவர்பாயிண்ட் ஸ்லைடு) போட்டோம், பேசிப் பார்த்தது கடைசி நாள் பஸ்ஸில். அதற்கப்புறம் மூன்று முறை வேறு வேறு பிள்ளைகளோடு போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று இடறியது, ஆனால் அதே கல்லில் இல்லை. முதல் முறையாகப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியருக்கும், வழிகாட்ட ஆளில்லாமல் தானே தயாராகும் மாணவருக்கும் இது.

இருபத்தொரு நாள் வேண்டும். அதில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் நாள் மூன்று நான்குதான்.

1. விதிமுறைத் தாளைக் கையில் வாங்குங்கள் (21 நாள் முன்பு)

வாட்ஸ்ஆப் குழுவில் வரும் சுற்றறிக்கையை நம்பி இறங்காதீர்கள். போன வருடத்துச் சுற்றறிக்கையையே யாராவது புதிது என்று தட்டிவிடுவார்கள். மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளரை ஒருமுறை போனில் கூப்பிடுங்கள். கூச்சப்பட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

கேட்க வேண்டியவை: எத்தனை நிமிடம், கேள்வி நேரம் அதற்குள்ளேயா, தனியா? பி.பி.டி. உண்டா, சார்ட் மட்டுமா? தமிழில் பேசலாமா? குழுவில் எத்தனை பேர், எந்த வகுப்பு வரை? எழுத்து அறிக்கை எத்தனை பிரதி? லேப்டாப் நாம் கொண்டுவர வேண்டுமா, இல்லை அவர்கள் கணினியில்தான் ஓட்ட வேண்டுமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் முதல் வருடத்துச் சேதம் முழுக்க அதிலிருந்துதான் வந்தது.

2. காகித வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

பிள்ளை மேடையில் நிற்க வேண்டிய நேரத்தில் நீங்கள் ஜெராக்ஸ் கடை தேடி ஓடக் கூடாது. நான் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருப்பவை இவை:

- தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள போனஃபைடு (இந்தப் பள்ளி மாணவர் என்ற சான்று). புகைப்படம் ஒட்டி, முத்திரை பாதி படத்தின் மேல் விழும்படி. பிள்ளைக்கு ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள்.
- எமிஸ் எண் (கல்வித்துறைப் பதிவில் மாணவருக்குள்ள எண்), ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு.
- பெற்றோரின் சம்மதக் கடிதம். எங்கே, எந்தத் தேதி, யாருடன் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது நாலும் அதில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வந்தால் கூட ஓர் ஆசிரியை வருவதையும் எழுதிவிடுங்கள்.
- உங்கள் ஓ.டி.க்கான (பள்ளிக்கு வெளியே பணி நிமித்தம் போவது) அனுமதி. வாய் வார்த்தையாக "போய்ட்டு வாங்க சார்" என்றதெல்லாம் சம்பளப் பட்டியல் போடும்போது யாருக்கும் நினைவிருக்காது.
- கணக்கெடுப்பு நடத்தியிருந்தால், பேட்டி கொடுத்தவர்களின் சம்மதம். யாருடைய பல்லையாவது படம் எடுத்தால் முகம் தெரியாமல் எடுங்கள். குழந்தையாக இருந்தால் தாயிடமோ தகப்பனிடமோ கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு தாய் என்னிடம், "நாளைக்கு இவளப் பொண்ணு பாக்க வர்றவங்க இதப் பாத்தா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இதில் நான் கறார்.
- பரிசோதனை அறிக்கையின் அசலும் நகலும்.

தண்ணீர் தலைப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து அறிக்கை வாங்கலாம். புளோரைடு பார்க்க மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில்தான். அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலின் மேலேயே இடம், தேதி, நேரம் எழுதிவிடுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். எங்களுக்கு அறிக்கை வரப் பத்து நாள் ஆனது. இருபத்தொரு நாளில் பாதி அதிலேயே போய்விடும் என்பதால்தான் முதல் வாரம் என்கிறேன்.

இன்ஸ்பயர் மானக் (பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தருவது) போன்ற விருதுக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. தேர்வாகும் பிள்ளைக்கு 10,000 ரூபாய் நேராக அதன் வங்கிக் கணக்குக்கு வரும். உதவித்தொகைக்காக எப்போதோ திறந்த கணக்கு அப்படியே கிடக்கும். இரண்டு வருடம் போட்டு எடுக்காமல் இருந்தால் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று வங்கி ஒதுக்கி வைத்துவிடும். பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை வங்கிக்குப் போய் வரச் சொல்லுங்கள்.

3. ஒரு வரியில் என்ன கண்டீர்கள்?

கம்ப்யூட்டரை இன்னும் தொடவில்லை. பிள்ளையை உட்காரவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "என்ன கண்டுபிடிச்சே?"

"புளோரைடு சார்." அது தலைப்பு. "புளோரைடு பல்லைப் பாதிக்கும் சார்." அது பாடப்புத்தகம். இரண்டையும் தள்ளுங்கள். அடுத்து வந்த பிள்ளைகளோடு இப்படி மூன்று நாள் போனது. நாலாம் நாள்தான் அவர்களில் ஒரு பெண் சொன்னாள்:

"எங்க தெருவுல அஞ்சு போர்ல மூணுல அளவுக்கு மேல இருக்கு சார். ஒகேனக்கல் தண்ணி வந்தும் ஜனங்க அந்த மூணுலதான் இன்னும் புடிக்கிறாங்க. ஏன்னா குழாய்ல தண்ணி வுடற நேரத்துல எல்லாரும் பூப்பறிக்கப் போயிடறாங்க."

அந்த நிமிடமே ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். விடிகாலையில் சாமந்தித் தோட்டத்தில் குனிந்து நிற்பவர் குழாயடியில் எப்படி நிற்க முடியும்? இதை இணையத்தில் தேடினால் கிடைக்காது, அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும். நடுவர்கள் காலையிலிருந்து பிளாஸ்டிக் ஒழிப்பும் சூரிய ஒளி அடுப்பும் கேட்டுக் களைத்திருப்பார்கள். இந்த ஒரு வரி அவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாங்கூழ்த் தொழிற்சாலைக் கொட்டை என்ன ஆகிறது, ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழுந்த நாளில் கொட்டிய தக்காளி எங்கே போனது என்று கேட்டுப் பார்க்கலாம். தலைப்பு பெரிதாக இருக்க வேண்டாம், கேள்வி பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினால் போதும்.

4. வாயால் சொல்லிப் பழகட்டும் (15 முதல் 10 நாள் முன்பு)

விஷயம் தெரியாத யாராவது ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சக ஆசிரியர் வேண்டாம். அவர் பாதியிலேயே திருத்த ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் பிள்ளைகள் சத்துணவு அக்காவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பருப்பு கிளறியபடியே கேட்டார். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப நான் எந்தத் தண்ணியில சோறாக்கறது?" என்றார். பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. சமையலறைக்கு வரும் குழாய் எது என்று போய்ப் பார்த்தார்கள். நல்லவேளை, அளவுக்குள் இருந்த போர் அது. மேடையில் அதுதான் எங்கள் முதல் வாக்கியமானது: "எங்க சத்துணவு அக்கா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாங்க." வணக்கம், மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களே என்று ஒன்றரை நிமிடம் தின்னும் தொடக்கத்தை அன்றோடு விட்டோம். ஒரு வணக்கம் போதும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளி பக்கத்து ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையை நேராகத் தமிழில் மனப்பாடம் செய்யவிடாதீர்கள். முதலில் வீட்டு மொழியில் அவ்வாவிடம் (பாட்டியிடம்) சொல்லட்டும். விஷயம் அங்கே தெளிந்தபின் தமிழுக்கு வரட்டும். ல, ள, ழ கொஞ்சம் முன்பின் ஆனாலும் விஷயம் தெளிவாக இருந்தால் நடுவர் கேட்பார். நான் பார்த்தவரை மதிப்பெண் போனது உச்சரிப்பால் அல்ல, பயத்தால். நாமே ஒத்திகையில் வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தி அந்தப் பயத்தை ஏற்றிவிடுகிறோம்.

மனப்பாடம் முழுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் உள்ளதைச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.

தினமும் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் பிள்ளையே தான் எத்தனை "வந்து", எத்தனை "அதாவது" போடுகிறது என்று எண்ணிச் சிரிக்கும்.

5. ஸ்லைடு, கடைசியாக (9 முதல் 6 நாள் முன்பு)

எட்டு நிமிடத்துக்கு ஆறு ஏழு ஸ்லைடு. அதற்கு மேல் போட்டால் பிள்ளை ஸ்லைடின் பின்னால் ஓட ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். "முடிவுகள்" என்று போடுவதைவிட "ஐந்தில் மூன்று போர் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல" என்று போடுங்கள். அடியில் ஒரு படமோ ஒரு பட்டை வரைபடமோ போதும். எங்கள் வரைபடத்தில் ஐந்து பட்டை, குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அந்தக் கோட்டைத் தாண்டி நின்ற மூன்று பட்டையைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்தவருக்கும் சொல்லாமலே புரிந்தது. இதே எண்களை முன்பு அட்டவணையாகப் போட்டிருந்தோம். எனக்கே படிக்க முடியவில்லை.

எழுத்து 32-க்குக் குறைய வேண்டாம், தலைப்பு 40. தமிழ் எழுத்துக்குக் கொக்கியும் கொம்பும் மேலும் கீழும் உண்டு, வரி நெருக்கினால் ஒன்றோடொன்று இடிக்கும். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். எளிய சோதனை: லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து சின்னது.

வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. நம் ஊர் ஹால்களில் திரைச்சீலை இருந்தாலும் ஜன்னல் மூடாது. வெளிச்சத்தில் மஞ்சளும் இளநீலமும் அப்படியே காணாமல் போகும்.

பிரவுசிங் சென்டரில் போடக் கொடுத்தால் ஸ்லைடுக்குப் பத்து, இருபது என்று கேட்பார்கள். பணத்தைவிட அங்கே பெரிய தொல்லை ரோஜாப்பூ பார்டரும் சுழன்று வரும் எழுத்தும். "சும்மா வெள்ளையா விடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். பள்ளி ஹைடெக் லேபில் பிள்ளைகளையே போடவிடுவது இன்னும் நல்லது. கோணல் மாணலாக இருந்தாலும் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

6. தமிழ் எழுத்து உடையாமல் பார்த்துக்கொள்வது

மேடையில் எங்களை விழவைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உருவம் போய் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். நிறைய டி.டி.பி. கடைகளில் இன்றும் இதில்தான் அடிக்கிறார்கள். "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்; அது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறை. யூனிகோடா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்ஆப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். தமிழாகவே வந்தால் சரி.

ஏற்கெனவே பாமினியில் அடித்துவிட்டீர்கள் என்றால் மறுபடி அடிக்க வேண்டாம், மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். கொ, கோ, கௌ போன்றவை அதில் பிசகும். புதிதாக அடிப்பவர்கள் போனில் பேசியே தட்டச்சு செய்து, அந்த வாசகத்தை மெயிலில் அனுப்பி ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். "பென்னாகரம்" மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு ஏதோவாக வந்தது.

எழுத்துருவுக்கு நிர்மலா யுஐ பாதுகாப்பானது. விண்டோஸ் 8-லிருந்து கணினியோடே வருகிறது. அழகுக்காக இறக்கிய எழுத்துருவைத்தான் போடுவேன் என்றால், பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எம்பெட் ஃபான்ட்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டுச் சேமியுங்கள்.

எப்படிச் செய்தாலும் கடைசியில் பி.டி.எஃப். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்து உள்ளேயே பதிந்துவிடும், எந்தக் கணினியிலும் அப்படியே திறக்கும். இப்போது நான் பி.டி.எஃப்.பிலேயே ஓட்டிவிடுகிறேன். அனிமேஷன் வராது. வராமல் இருப்பதே நல்லது.

ஃப்ளெக்ஸ் போடுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கடைக்காரர் தன் எழுத்துருவில் மறுபடி அடிப்பார், பிழை அங்கேதான் நுழையும். எங்கள் "நிலத்தடி நீர்" ஒருமுறை "நிலத்தாடி நீர்" ஆகி அச்சாகி வந்தது. புரூஃபைப் போனில் பார்க்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

7. கருவியும் செலவும்

முடிந்தால் முந்தைய நாள் ஹாலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய புரொஜெக்டரில் விஜிஏ இணைப்பு மட்டும் இருக்கும், புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும் இருக்கும். நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் இல்லாமல் பலர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் செலவழித்தது தோராயமாக: கன்வெர்ட்டர் 350, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 250, பென்டிரைவ் இரண்டு 700, அறிக்கை மூன்று பிரதி கலர் பிரிண்டும் ஸ்பைரல் பைண்டிங்கும் சேர்த்து 500, சார்ட்டும் ஸ்கெட்சும் 150. முதல் மூன்றும் ஒரு தடவைச் செலவு, வருடா வருடம் உதவும். ஸ்லைடு மாற்றும் ரிமோட் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் இரண்டு பிள்ளைகள் இருந்தால் தேவையில்லை. ஒருவர் பேச, ஒருவர் மாற்றலாம். கோட்டு, டை, புது ஷூ எதுவும் வேண்டாம். சீருடை போதும்.

கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: இரண்டு பென்டிரைவ், உங்கள் மெயில். வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். நெட்டை நம்பி கூகுள் ஸ்லைடுஸில் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

8. ஒத்திகை (5 நாள் முன்பிலிருந்து)

மூன்று முழு ஒத்திகை. ஒன்று ஸ்லைடோடு. ஒன்று ஸ்லைடே இல்லாமல், கரண்ட் போய்விட்டதாக வைத்துக்கொண்டு. ஒன்று வேறு வகுப்புப் பிள்ளைகள் முன்னால், ஒருவர் ஏழாம் நிமிடம் மணி அடிக்க. மணி அடித்ததும் என்ன சொல்லி முடிப்பது என்பதைத் தனியாகப் பழக்குங்கள். முடிக்கத் தெரியாமல்தான் நிறையப் பேர் "அவ்வளவுதான் சார்" என்று இறங்கிவிடுகிறார்கள்.

ஒத்திகை நாளை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வைத்துவிடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் மதியம் தாண்டித்தான் வரும். நான் வைத்தேன், ஸ்லைடு இல்லாத ஒத்திகை அன்றைக்குத் தானாகவே நடந்தது.

பிள்ளைகளுக்கு நான்கு விஷயம் கைப்பழக்கமாக வரட்டும். பவர்பாயிண்டில் எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து ஓடும். விண்டோஸ் விசையும் பி (P) எழுத்தும் சேர்த்து அழுத்தி டூப்ளிகேட் தேர்ந்தால் திரையிலும் லேப்டாப்பிலும் ஒன்றாகத் தெரியும். பவர்பாயிண்ட் ஓடும்போது "இதைப் பாருங்க" என்று கையில் இருக்கும் பாட்டிலைக் காட்ட வேண்டுமானால், ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாவது எழுத்தை (B) அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் வந்துவிடும். நடுவர் "அந்த நாலாவது படத்தைக் காட்டு" என்றால் 4 அழுத்தி என்டர்.

9. கேள்வி நேரம்

பாதி மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஊரில் பத்துப் பேரிடம் விஷயத்தைச் சொன்னால் அவர்கள் கேட்பதையேதான் நடுவரும் கேட்பார். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் இருபத்திரண்டு கேள்வி சேர்ந்தது.

காய்ச்சினால் புளோரைடு போகுமா? போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், புளோரைடு அப்படியே இருக்கும், அதனால் அடர்த்திதான் கூடும். இந்தப் பதிலை இரண்டாவது வருடம் போன பிள்ளை சொன்னபோது, கூடவே "ரசம் சுண்டினா உப்பு கரிக்கும் இல்லீங்களா, அது மாதிரி" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

தெரியாத கேள்வி வந்தால், "அதை நாங்கள் அளந்து பார்க்கவில்லை சார்" என்று சொல்லப் பழக்குங்கள். உளறுவதைவிட அது மேல். இன்னொன்று, எந்த எண்ணைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் எடுத்து ஒட்டிய ஒரு சதவீதத்தை நடுவர் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் விடாமல் கேட்டதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளை அழுதுவிட்டது. அது வேறு பள்ளி, ஆனால் அந்த ஸ்லைடைப் போட்டது ஆசிரியர் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஆசிரியர் நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்து வாயசைக்க வேண்டாம்.

அப்புறம் நம்மைப் பற்றி ஒன்று. குறுவளமையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) நாம் பேசும்போது அறுபது ஸ்லைடு போட்டு, திரையைப் பார்த்து முதுகைக் காட்டி வாசிக்கிறோம். மேலே சொன்னதில் எமிஸ் எண் தவிர எல்லாம் நமக்கும் பொருந்தும்.

10. அன்றைய நாள்

பஸ் கணக்கைச் சரியாகப் போடுங்கள். மாணவர்களின் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும், மாவட்டத் தலைநகருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஆசிரியைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கட்டணம் இல்லை, புறநகர்ப் பேருந்தில் உண்டு. அடுத்த சுற்று சேலத்தில் என்றால் தொப்பூர் கணவாயில் லாரி எதாவது கவிழ்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் யாரும் திட்டப்போவதில்லை.

இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பயத்தில் சாப்பிடாமல் வந்து பதினொரு மணிக்கு மயங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப் உங்களுடையது என்றால் நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். ஒரு முறை வாட்ஸ்ஆப் திறந்தே இருந்தது. பிள்ளை உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் "பால்காரர் வந்துட்டார், காசு எங்க வெச்சீங்க" என்று விழுந்தது. ஹாலே சிரித்தது. நடுவர் என்னைப் பார்த்து, "பதில் போட்டுடுங்க சார்" என்றார்.

மைக்கை வாயிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். "ஹலோ, ஹலோ, கேக்குதா" வேண்டாம்.

11. கிளம்பும் முன் வாங்கிவிட வேண்டியவை

வருகைச் சான்று, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும். தேதியும் முத்திரையும் இருக்கிறதா, பிள்ளையின் பெயரும் இன்ஷியலும் பள்ளிப் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சான்றிதழில் எழுத்து மாறினால் அதைத் திருத்த அப்புறம் இரண்டு மாதம் நடக்க வேண்டியிருக்கும். நான் நடந்தேன். அறிக்கையின் ஒரு பிரதியைத் திருப்பிக் கேளுங்கள், நடுவர் பென்சிலில் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பார். பஸ் டிக்கெட்டுகளை ஃபைலிலேயே போட்டுவையுங்கள். கடைசியாக, கன்வெர்ட்டரைப் புரொஜெக்டரிலிருந்து கழற்றினீர்களா என்று பாருங்கள். என்னுடைய முதல் கன்வெர்ட்டர் இன்னும் ஏதோ ஒரு கல்லூரி ஹாலில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.